கழிவுநீரில் நைட்ரஜன் நீக்கமும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும்

கர்நாடகத்தில் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் குப்பம் வட்டாரத்தின் வழியாகச் சென்று, வாணியம்பாடிக்கு அருகில் தமிழ்நாட்டினுள் புகுகிறது. 348 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடுகிறது. ஆந்திரத்தைச் சேர்ந்த அச்சிறு பகுதியின் வட்டாரத்திலேயே ராமகுப்பம் அமைந்திருக்கிறது. தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் இவ்வட்டாரத்தில், ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் மணலே தென்படும். கிணறும், ஆழ்துளைக் கிணறும், ஏரியுமே மக்களுக்கு ஆதாரம்.

இந்த ஆற்றின் மேற்புறத்தில் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு புதிய ஏற்பாடு செயலுக்கு வந்தது. பெங்களூரு நகரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீரை, நிலத்தடி நீர் ஊறுவதற்காகக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய் வழியே ஏற்றி அனுப்புவதே அந்த ஏற்பாடு. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீரை அனுப்பும் வகையில் அது திட்டமிடப்பட்டது. முதலில் நீர் பெற்ற லக்ஷ்மிசாகர ஏரியில் அடுத்த மாதமே நுரை பொங்கிற்று. கர்நாடக உயர்நீதிமன்றம் நீர் அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. பின்னர்த் திட்டம் தொடர்ந்தது. கோலார் ஏரிகளில் பல பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. ஆகவே, ஒரு பெருநகரத்தின் கழிவுநீரில் எது நீக்கப்பட்டது, எது எஞ்சி நின்றது என்னும் வினா, ஆற்றின் கீழ்ப்புறத்து ஊர்களுக்கும் உரிய வினாவாகும்.

நீர் தெளிவாக உள்ளதா, நோய்க் கிருமிகள் ஒழிந்தனவா என்று கேட்பது வழக்கம். நைட்ரஜன் நீங்கிற்றா என்று கேட்பவர் சிலரே. நீங்கிய நைட்ரஜன் எங்கே சென்றது என்று கேட்பவரோ மிக அரியர். இந்த மூன்றாவது வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நைட்ரஜன் வரும் வழி

மனிதன் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் உள்ளது. ஒருவர் நாள்தோறும் 60 கிராம் புரதம் உண்பதாகக் கொண்டால், அவர் உட்கொள்ளும் நைட்ரஜன் 9.6 கிராம், ஆண்டொன்றுக்குச் சுமார் 3.5 கிலோ. வளர்ந்த மனிதனின் உடல் இதனைச் சேமித்து வைப்பதில்லை. பெரும்பகுதி யூரியாவாக மாறிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. சாக்கடையை அடைந்த யூரியா விரைவில் அமோனியாவாகச் சிதைகிறது.

அமோனியா மீன்களுக்கு நஞ்சு. அதனை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் ஏரி நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. பாசியும் ஆகாயத்தாமரையும் செழித்து நீரை மூடுவதும் இதன் விளைவே. நைட்ரேட்டாக மாறிய நைட்ரஜன் மண்ணில் தங்காமல் நீருடன் இறங்கிக் கிணறுகளை அடைகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது. மிகுதியான நைட்ரேட் கலந்த நீரில் பால் கரைத்துப் புகட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவை ஏந்தும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாய்வதுண்டு.

எனவே நைட்ரஜனை நீக்குவது வீண் ஆடம்பரமன்று. சுத்திகரித்த நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்னும் வரம்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் பிறப்பித்த ஆணையில் ஏற்றுக்கொண்டது.

நுண்ணுயிர்களின் தொழில் அறியப்பட்ட வரலாறு

அமோனியா நைட்ரேட்டாக மாறுவது வெறும் இரசாயன மாற்றம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1877-ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஓர் எளிய சோதனையால் இதனை மறுத்தனர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெதுவாகக் கசியவிட்டனர். முதல் இருபது நாட்கள் வரையில் அமோனியா அமோனியாவாகவே வெளிவந்தது. அதன் பின்னர் நைட்ரேட் தோன்றலாயிற்று. இரசாயன மாற்றமாயின் இருபது நாட்கள் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. மேலும், குளோரோபாரம் ஆவியைக் குழாயினுள் செலுத்தியதும் மாற்றம் நின்றுவிட்டது. அந்த ஆவியை அகற்றி, சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கிற்று. மயக்க மருந்தால் ஓயும் தொழில் உயிருள்ளவற்றின் தொழிலாகவே இருத்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய விஞ்ஞானி, அமோனியாவை நைட்ரைட்டாக்கும் இனம் ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இனம் வேறொன்று எனப் பிரித்துக் காட்டினார்.

1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீரில் காற்றை ஊதி, அடியில் தங்கும் கசட்டை எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கண்டனர். நுண்ணுயிர்கள் நிறைந்த அக்கசடே இன்றுள்ள பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்களின் உயிர்நாடி. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-இல் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக வந்து சேர்ந்தார். பாலாறு தோன்றும் நாட்டுக்கு அண்மையிலேயே இத்துறையின் முன்னோடி ஒருவர் பல ஆண்டுகள் பணியாற்றினார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் 1934-இல் வெளியிட்ட நூல் நைட்ரஜனைப் பேணிக் காப்பதன் உயிர்வேதியியலைப் பற்றியதாகும். நைட்ரஜனை ஒழிப்பதன்று, காப்பதே அந்நூலின் பொருள் என்பதை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூரலாம்.

தொழில் நிகழும் இரு கட்டங்கள்

கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்கும் தொழில் இரு கட்டங்களாக நிகழ்கிறது. முதற் கட்டம் காற்றூட்டும் தொட்டியில் நடைபெறுவது. இங்கே ஓர் இனப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றோர் இனம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. 1 கிலோ அமோனியா நைட்ரஜனை இவ்வாறு முழுமையாக மாற்றுவதற்கு 4.57 கிலோ பிராணவாயு தேவை. அத்துடன், சுண்ணாம்புக் கணக்கில் 7.14 கிலோ காரத்தன்மையும் செலவாகும்.

இரண்டாங் கட்டம் காற்று ஊதப்படாத தொட்டியில் நடைபெறுவது. சுவாசிக்கப் பிராணவாயு கிடைக்காத வேறு பாக்டீரியாக்கள், நைட்ரேட்டில் பிணைந்துள்ள பிராணவாயுவைப் பிரித்தெடுத்துச் சுவாசிக்கின்றன. அவற்றுக்கு உணவு கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள். நைட்ரேட் படிப்படியாகக் குறைந்து நைட்ரைட்டாகவும், நைட்ரிக் ஆக்ஸைடாகவும், நைட்ரஸ் ஆக்ஸைடாகவும், முடிவில் சாதாரண நைட்ரஜன் வாயுவாகவும் மாறுகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக ஏற்கெனவே உள்ள அந்த வாயுவால் எவ்விதத் தீங்கும் இல்லை. முதற் கட்டத்தில் செலவான காரத்தன்மையில் பாதியும் இக்கட்டத்தில் திரும்பக் கிடைக்கிறது.

ஏட்டில் இவ்வளவே. ஆனால் கடைசிப் படிக்கு முந்திய படியில் நிற்கும் நைட்ரஸ் ஆக்ஸைடும் ஒரு வாயு. கடைசிப் படியில் தொழில் தடைப்பட்டால், அது நைட்ரஜனாக மாறுவதற்கு முன்பே நீரை விட்டுக் காற்றில் கலந்துவிடும்.

வாயு தப்பும் மூன்று வழிகள்

முதல் வழி காற்றூட்டும் தொட்டியில் உள்ளது. அமோனியா நைட்ரைட்டாக மாறும்போது ஹைட்ராக்ஸிலமின் என்னும் பொருள் இடையில் தோன்றுகிறது. அமோனியா திடீரென மிகுந்து பாக்டீரியாக்கள் அவசர கதியில் இயங்கும்போது, ஹைட்ராக்ஸிலமினின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாகக் கசிகிறது.

இரண்டாவது வழியும் அத்தொட்டியிலேயே உள்ளது. பிராணவாயு போதாமற் போனால், அமோனியாவை உண்ணும் அதே பாக்டீரியாக்கள், தாம் உண்டாக்கிய நைட்ரைட்டையே சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. அவற்றால் நைட்ரஸ் ஆக்ஸைடு வரையிலேயே செல்ல இயலும். அதற்கப்பால் நைட்ரஜனாக்கும் நொதி அவற்றிடம் இல்லை.

மூன்றாவது வழி காற்று ஊதப்படாத தொட்டியில் உள்ளது. இங்குள்ள பாக்டீரியாக்களிடம் அந்நொதி உண்டு. தாமிரத்தை உட்கொண்ட அந்நொதி மிக மென்மையானது. பிராணவாயு சிறிதளவு கலந்தாலும், கந்தக ஹைட்ரைடு இருந்தாலும், நீரில் அமிலத்தன்மை மிகுந்தாலும் அது ஓய்ந்துவிடும். கரிம உணவு போதாத நிலையிலும் கடைசிப் படியே முதலில் பின்தங்கும். அப்போது இத்தொட்டியில் தேங்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு, நீர் அடுத்த தொட்டிக்குச் சென்று காற்று ஊதப்பட்டவுடன் குமிழிகளோடு வெளியேறுகிறது. எந்தத் தொட்டியில் பிறந்தாலும் அது பெரும்பாலும் வெளிப்படுவது காற்றூட்டும் தொட்டியின் மேற்பரப்பிலேயாம்.

உஷ்ணப் பிரதேசங்களில் இன்னொன்றையும் கருத வேண்டும். வெப்பம் மிகுந்தால், அமோனியாவை மாற்றும் இனம் நைட்ரைட்டை மாற்றும் இனத்தைவிட வேகமாகப் பெருகும். அத்துடன் பிராணவாயுவும் குன்றினால் நைட்ரைட் தேங்கும். நைட்ரைட் தேங்கிய இடத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடு பிறப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

சிரிப்பு வாயுவின் மறுபக்கம்

1772-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்த இவ்வாயுவைச் சிரிப்பு வாயு என்று மாணவர்கள் அறிவர். பல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் அதனை மயக்க மருந்தாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். நிறமற்றது, சாக்கடை நாற்றத்தினிடையே அது வெளியேறுவதை எவரும் மூக்கால் அறிய முடியாது.

காற்றில் கலந்த நைட்ரஸ் ஆக்ஸைடு சராசரியாக 109 ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. நூறாண்டுக் கணக்கில், 1 கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு பூமியை வெப்பமேற்றும் ஆற்றல் 273 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். தொழிற் புரட்சிக்கு முன்பு நூறு கோடிப் பங்கு காற்றில் ஏறத்தாழ 270 பங்காக இருந்த இவ்வாயு, 2019-ஆம் ஆண்டில் 332 பங்காக உயர்ந்திருந்தது. வயல்களில் இடப்படும் நைட்ரஜன் உரமும் தொழுவுரமுமே இந்த உயர்வுக்கு முதற் காரணம். கழிவுநீரின் பங்கு அவற்றைவிடச் சிறிது. எனினும், பரந்த வயலைவிட ஒரு தொட்டியைக் கண்காணித்துத் திருத்துவது எளிது.

வெப்பமேற்றுவதோடு அதன் தீங்கு முடிவதில்லை. மேல் வாயுமண்டலத்தை அடைந்ததும் அதில் ஒரு பகுதி வேறு நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறி ஓஸோன் படலத்தை அரிக்கிறது. மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் பயின்ற ஏ. ஆர். ரவிசங்கரா என்னும் விஞ்ஞானி தம் தோழர்களுடன் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குளோரோபுளோரோகார்பன்கள் கட்டுப்படுத்தப்பட்ட பின், மனிதன் வெளியிடும் ஓஸோன் அரிக்கும் பொருள்களில் நைட்ரஸ் ஆக்ஸைடே முதலிடம் பெறுகிறது என எடுத்துக் காட்டினார்.

ஒரு சிறு கணக்கு

10,000 பேர் வாழும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 3.5 கிலோ வீதம் கழிவுநீரில் சேரும் நைட்ரஜன் 35,000 கிலோ. காற்றூட்டும் முறையில் இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களில், உட்புகும் நைட்ரஜனில் 1.6 சதவீதம் நைட்ரஸ் ஆக்ஸைடாக வெளியேறும் எனக் கொள்ளலாம் என்று, பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளிடைக் குழு 2019-இல் திருத்திய வழிகாட்டி நூலில் குறிப்பிட்டது. இதன்படி தப்பும் நைட்ரஜன் 560 கிலோ. நைட்ரஜன் 28 பங்கு சேர்ந்து உண்டாகும் நைட்ரஸ் ஆக்ஸைடு 44 பங்கு எடையுள்ளது. ஆகவே வாயுவின் எடை 560-ஐ 44-ஆல் பெருக்கி 28-ஆல் வகுக்க வரும் 880 கிலோ. இதனை 273-ஆல் பெருக்கினால், 240 டன் கரியமிலவாயுவுக்குச் சமம்.

இதே குழுவின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 3.2 கிராம் நைட்ரஸ் ஆக்ஸைடே நிலையத்திலிருந்து வெளியாகும் எனக் கொண்டிருந்தது. மேற்கூறிய கணக்கிலோ ஒருவருக்கு 88 கிராம் வருகிறது. பதின்மூன்று ஆண்டுகளில் மதிப்பு இருபத்தேழு மடங்கு உயர்ந்தது ஏன்? வாயு பெருகியதன்று காரணம். அளந்து பார்த்த இடங்கள் பெருகியதே காரணம். ரூர்க்கியில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் கார்த்திக் சந்திரன் முதலியோர் அந்நாட்டின் 12 நிலையங்களில் அளந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, வெளியேற்றம் உட்புகும் நைட்ரஜனில் 0.01 சதவீதம் முதல் 1.8 சதவீதம் வரை வேறுபட்டது. ஒரே தொழில் நடைபெறும் இரு நிலையங்களுக்கிடையே நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்படுமாயின், இயக்கும் விதத்தைத் திருத்தி இவ்வாயுவைக் குறைக்க இடமுண்டு என்பது தெளிவு.

மின்சாரச் சிக்கனமும் அதன் எல்லையும்

சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குவது காற்று ஊதும் புளோயர் யந்திரம். மின்கட்டணத்தைக் குறைக்குமாறு ஊழியர்களுக்கு அறிவுரை கூறப்படுவது இயல்பே. புளோயரைச் சில மணி நேரம் நிறுத்திவைத்தால் கட்டணம் குறையும். அன்றைய நீரின் தெளிவிலும் பெரிய மாறுதல் தெரியாது. ஆனால் தொட்டியில் பிராணவாயு குன்றி, நைட்ரைட் தேங்கி, நைட்ரஸ் ஆக்ஸைடு பிறக்கும். மீண்டும் புளோயரை இயக்கியதும், தேங்கியது முழுதும் ஒருசேர வெளியேறும்.

இந்திய மின்தொகுப்பில் 1 யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்ய ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. இது 2½ கிராம் நைட்ரஸ் ஆக்ஸைடுக்குச் சமம். அதாவது, ஒரு யூனிட்டைச் சேமித்ததால் பூமிக்கு விளைந்த நன்மையை இரண்டரைக் கிராம் வாயு தப்பிச் சென்று அழித்துவிடும். மின்கட்டணப் பதிவேட்டில் சேமிப்பு எழுதப்படும். இந்த நஷ்டமோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சிக்கனம் கூடாது என்பது இதன் கருத்தன்று. பிராணவாயுவை அளந்து பார்த்துச் செய்யும் சிக்கனம் வேறு, கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் சிக்கனம் வேறு என்பதே கருத்து.

ஊழியர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, காற்றூட்டும் தொட்டியில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிலைத்திருக்குமாறு பார்த்தல் வேண்டும். மிகவும் குறைவது தீது. மிகவும் கூடுவதும் தீது. கூடினால், மிகுந்த பிராணவாயு சுழல்நீரோடு காற்று ஊதப்படாத தொட்டிக்குச் சென்று அங்குள்ள மென்மையான நொதியை ஓயச் செய்யும்.

இரண்டாவது, நைட்ரைட்டை நாள்தோறும் சோதித்தல் நலம். நைட்ரஸ் ஆக்ஸைடை நேரில் அளக்கும் கருவி விலை மிகுந்தது. நைட்ரைட்டைக் காட்டும் நிறச் சோதனையோ எளியது, மலிவானது. வழக்கத்துக்கு மாறாக நைட்ரைட் உயருமாயின், கண்ணுக்குப் புலப்படாத வாயு வெளியேறுகிறது என்பதற்கு அதனை எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, கரிம உணவு குறையாமல் காத்தல். ஒரு பங்கு நைட்ரஜனை நீக்க ஏறத்தாழ நான்கு பங்கு பி.ஓ.டி. இருத்தல் வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட விதி. முதல் தெளிவுத் தொட்டியிலேயே கரிமப் பொருள் முழுவதையும் வடித்துவிட்டால், பின்வரும் தொட்டியில் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

நான்காவது, சுமையைச் சமமாகப் பரப்புதல். கசட்டைப் பிழியும்போது வடியும் நீரில் அமோனியா மிகுதி. அதனைக் காலை நேரச் சுமையோடு சேர்த்து ஒரேயடியாக ஊற்றாமல், சுமை குறைந்த இரவு நேரத்தில் சிறிது சிறிதாகச் செலுத்துவது முறை. மின்தடை ஏற்பட்டாலும், வரும் நீரைச் சமப்படுத்தும் தொட்டியில் தேக்கிவைத்துப் பின்னர்ப் படிப்படியாக விடுதல் வேண்டும்.

ஐந்தாவது, கசட்டை அளவுக்கு மீறி வெளியேற்றாதிருத்தல். நைட்ரைட்டை மாற்றும் இனம் மெதுவாகப் பெருகுவது. கசடு இளமையாகவே அகற்றப்பட்டால் அந்த இனம் நிலைபெறாமல் அழிந்துபோகும்.

சுத்திகரியாது விடுதல் தீர்வாகுமா?

இவ்வளவு தொல்லையும் எதற்கு, நைட்ரஜனை நீக்காமலே விட்டுவிடலாமே என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. தொட்டியில் நிகழும் அதே மாற்றம் ஏரியிலும் ஆற்றிலும் நிகழும். அங்கே அதனைக் கட்டுப்படுத்துவார் ஒருவரும் இலர். மேற்கூறிய வழிகாட்டி நூலின்படி, நல்ல நிலையிலுள்ள நீர்நிலையில் சேரும் நைட்ரஜனில் 0.5 சதவீதமும், சத்து மிகுந்து பாசி படர்ந்து பிராணவாயு குன்றிய நீர்நிலையில் 1.9 சதவீதமும் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறும். அதாவது, சீர்கெட்ட ஏரி சுத்திகரிப்பு நிலையத்தைவிட மிகுதியாகவே வாயுவை வெளியிடக்கூடும். அத்துடன் மீன் மடிவதும் கிணறு கெடுவதும் சேர்ந்துகொள்ளும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் 7,236 கோடி லிட்டர் கழிவுநீரில் 2,023 கோடி லிட்டரே சுத்திகரிக்கப்பட்டது. எஞ்சிய நீர் நீர்நிலைகளையும் நிலத்தையும் அடைந்தது.

பாலாற்றின் கீழ்ப்புறத்தில் இக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலால் ஆறும் நிலமும் கெட்டது குறித்து, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. தோல் கழிவுநீரில் உப்பும் குரோமியமும் இருப்பதைப் பலரும் அறிவர். நைட்ரஜன் இருப்பதை அறிந்தோர் சிலரே. தோலின் புரதத்திலிருந்தும், சுண்ணாம்பு நீக்குவதற்கு இடும் அம்மோனியம் உப்புகளிலிருந்தும் அது வருகிறது. மிகுந்த உப்பும் ஸல்பைடும் நுண்ணுயிர்களின் தொழிலைத் தடுப்பவை. நைட்ரஸ் ஆக்ஸைடை நைட்ரஜனாக்கும் கடைசிப் படி இவற்றால் எளிதில் தடைப்படும். ஆகவே இத்தகைய நீரில் நைட்ரஜன் உட்புகுவதைக் குறைப்பதே சிறந்த வழி. அம்மோனியம் உப்புக்குப் பதிலாகக் கரியமிலவாயுவைக் கொண்டு சுண்ணாம்பை நீக்கும் முறை இதற்கென ஏற்பட்டதே.

வயலுக்குத் திரும்பும் நைட்ரஜன்

ராமகுப்பம் போன்ற சிற்றூர்களுக்குப் பெருநகரத்தின் யந்திரங்களைக் கொண்டுவந்து நிறுவுவது எல்லா இடத்திலும் பொருந்தாது. தொழிற்சாலையில் மிகுந்த எரிபொருளைச் செலவிட்டுக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து யூரியாவாக்குகிறோம். வயலில் இட்டு, உணவாக்கி உண்கிறோம். பின்னர் மின்சாரத்தைச் செலவிட்டு அந்நைட்ரஜனை மீண்டும் காற்றுக்கே அனுப்புகிறோம். ஃபௌலர் நைட்ரஜனைக் காத்தல் என்று கூறியதன் பொருள் இங்கே விளங்கும். கிருமி நீக்கிய கழிவுநீரை மல்பெரித் தோட்டத்துக்கும் தீவனப் புல்லுக்கும் மரப்பயிருக்கும் பாய்ச்சினால், அதிலுள்ள நைட்ரஜன் உரமாகும். வயலிலும் நைட்ரஜனில் ஏறத்தாழ 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறுவது உண்மையே. ஆயினும், அந்த அளவுக்குக் கடையில் வாங்கும் யூரியா குறைக்கப்பட்டால், அதனால் விளையும் வாயுவும் மிச்சமாகும். கழிவுநீரைப் பாய்ச்சிவிட்டு யூரியாவையும் வழக்கம்போல் இடுபவர் இந்நன்மையை இழப்பதோடு, தம் கிணற்றில் நைட்ரேட்டையும் ஏற்றுவார். பாறை வெடிப்புகளின் வழியே நீர் ஊறும் இவ்வட்டாரத்தில் இந்த எச்சரிக்கை இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

நைட்ரேட் நீங்குவது உயிர்த்தொழில் என்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரே அளவான மூன்று கண்ணாடிப் புட்டிகளில் தோட்டத்து மண் ஒரு கைப்பிடி வீதம் இடவேண்டும். மூன்றாவது புட்டிக்குரிய மண்ணை மட்டும் முன்னதாக நீரில் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் மிகச் சிறிது கரைத்த நீரை மூன்றிலும் கழுத்து வரை நிரப்புக. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை சேர்க்க. வாய்களைப் பஞ்சினால் தளர்வாக அடைத்து நிழலில் வைத்து, நாள்தோறும் நைட்ரேட், நைட்ரைட் சோதனைத் தாளால் சோதித்துப் பட்டியல் எழுதுக. சர்க்கரையும் உயிருள்ள மண்ணும் சேர்ந்த இரண்டாவது புட்டியிலேயே நைட்ரேட் விரைவாகக் குறையும். இடையில் நைட்ரைட் தோன்றி மறைவதையும் காணக்கூடும். உணவு போதாத முதற் புட்டி பின்தங்கும். கொதித்த மண்ணுள்ள மூன்றாவது புட்டி தொடக்கத்தில் மாறாது நிற்கும். சில நாட்களில் வெளியிலிருந்து கிருமி புகுந்தால் அதுவும் மாறத் தொடங்கலாம். புட்டிகளின் நீரைச் சுவைத்தலும், வாயை இறுக மூடுதலும் கூடாது.

சோதனை முடிந்த பின், நீரில் இருந்த நைட்ரேட் எங்கே சென்றது என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். மறைந்துவிட்டது என்பதே பெரும்பாலோர் கூறும் முதல் விடையாக இருக்கும். பொருள் எதுவும் மறைவதில்லை. இடம் மாறுகிறது, உருமாறுகிறது. வேலை முழுமையாக முடிந்தால் அது தீங்கற்ற நைட்ரஜனாகக் காற்றை அடையும்; பாதியில் நின்றால் நூறாண்டுக்கு மேல் தங்கும் வேறொரு வாயுவாக அடையும். இவ்விரண்டில் எது நிகழும் என்பதைத் தொட்டியருகே நிற்கும் ஊழியரின் கவனமே பெரிதும் தீர்மானிக்கிறது.